இருநூறு கிராம்

நான் தராசுக்காரி.
புந்தா அரேனாஸ் துறையில், நண்டுக் கிடங்கில்,
பன்னிரண்டு வருஷமாய் எடை போடுகிறேன்.
பெட்டியை வைத்தால் கண்ணிமைக்குமுன்
சிவப்பில் எண் வரும்.
வராவிட்டால் தராசு பழுது.
ஆகையால் டாக்டர் பரீயா
"நாலு வாரம் ஆகலாம், ஆறும் ஆகலாம்" என்றபோது
பழுது எதில் என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை. அது பிடித்திருந்தது.

சட்டைப் பொத்தானைவிடச் சிறிய மாத்திரை.
முதல் ராத்திரி
அடுப்பில் வைத்த கெட்டிலுக்குக் காத்திருப்பதுபோல்
எனக்குள்ளேயே காது வைத்துக் கிடந்தேன்.
ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் குமட்டல்.
மூன்றாம் நாள் குமட்டல், கொட்டாவி,
காய்ந்த துணியாய் நாக்கு.
சம்பளத்துக்கு முன்பே வாசலில் நிற்கும் கடன்காரன்போல
கெடுதல் மட்டும் நேரம் தவறாமல் வந்தது.

தம்பி எவாரிஸ்தோ இதே மாத்திரையைப்
பத்தொன்பது நாள் தின்றான்.
இருபதாம் நாள்
"கூழாங்கல்லைத் தின்றாலும் இதுதான்" என்று
மிச்சத்தைக் கழிவுக்குழாயில் கொட்டினான்.
இருபத்தொன்றாம் நாள் எப்படி இருந்திருக்கும்?
அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
இப்போது நீரிணைக்கு அக்கரையில்
ஆட்டு ரோமம் கத்தரிக்கிறான்.
ஞாயிறுகளில் போன் செய்து
காற்றைப் பற்றி மட்டும் பேசுவான்.

காற்றுக்காலத்தில் இங்கே
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
ஆளைத் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க.
எட்டாம் நாள் அந்தக் கயிற்றைப் பிடித்தபடி
பஸ் போன பின்னும் நின்றேன்.
விட்டுவிடலாம் என்று தோன்றவில்லை,
பிடித்திருக்கலாம் என்றும் தோன்றவில்லை.
கை தன்பாட்டுக்குப் பிடித்திருந்தது.

பதினாறாம் நாள்
'கவியோத்தா' படகுக்காரன் பெட்டிகளை இறக்கினான்.
நண்டின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு
அதோடு சேர்த்தே தராசில் வைப்பான்.
ஒரு வருஷமாய் எனக்குத் தெரியும்.
ஒரு வருஷமாய் வந்த எண்ணை அப்படியே எழுதினேன்.
யாருக்கு என்ன. நண்டுக்கு என்ன.

"சாக்கை எடு."
"இருநூறு கிராம்தானே, நெலிடா?"
"இருநூறு கிராம் என்றால் இருநூறு கிராம். எடு!"
குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது.
ஐஸ் அள்ளுகிறவர்கள் அள்ளுவதை நிறுத்திப் பார்த்தார்கள்.
யார் கத்தியது என்று
நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

எர்மீனியா கையுறையைக் கழற்றாமலே வந்தாள்.
"ஆரம்பித்துவிட்டது" என்றாள்.
"எது?"
"மாத்திரை."
"எனக்கு ஒன்றும் தெரியவில்லையே."
"உனக்குக் கடைசியில்தான் தெரியும்.
என் அக்கா விஷயத்தில்
முதலில் தெரிந்தது அவள் நாய்க்கு."

கோபத்தோடே வீட்டுக்குப் போனேன்.
கோபத்தோடே இரண்டு முட்டை பொரித்தேன்.
தட்டைக் கழுவும்போதுதான் உறைத்தது:
பசித்திருக்கிறது.
மறுநாள் பசிக்கவில்லை.
அதற்கடுத்த நாளும் இல்லை.
அதற்கடுத்த நாள், கொஞ்சம்.

ஆறாம் வாரம் டாக்டர் கேட்டார்:
"எந்த நாளிலிருந்து?"
தினமும் நானூறு பெட்டிக்கு நேரம் குறிப்பவள்,
இதைக் குறித்து வைக்கவில்லை.
வெறும் பெட்டிக்கும் எடை உண்டு.
அதைக் கழிக்கத் தராசில் ஒரு பொத்தான் இருக்கிறது,
என்னிடம் இல்லை.
பெட்டியோடு சேர்த்தே என்னை நிறுக்கிறேன்.
ஆனால் எண் வருகிறது,
சில காலைகளில் தாமதமாக, நடுங்கி நடுங்கி.

ஞாயிறு தம்பி பேசினான். காற்று, பிறகு காற்று.
"பத்தொன்பது நாள் போதாதுடா" என்றேன்.
கம்பியில் வெறும் இரைச்சல்.
வைத்துவிட்டானோ என்று நினைத்தேன்.
"உனக்கு எத்தனை நாள்?" என்றான்.
"பதினாறு என்கிறாள் எர்மீனியா.
நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை."